மூன்று மாதமாய் அறுந்துபோகாத காகிதம்

மழை நின்றால்கூட ஏன் நின்றது என்று கேட்கிற ஆள் நான். அதனால்தானோ என்னவோ, எங்கள் பலகை ஆலையின் சோதனை அறையில் பத்தொன்பது வருடமாக என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். காகிதத்தைப் பிசினில் முக்கி, அடுக்கி, சூட்டில் நசுக்கினால் கல் மாதிரிப் பலகை வரும். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து செய்த காகிதம், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயில் காய்ச்சிய பிசின், இதற்காக ஒரு மரமும் வெட்டப்படவில்லை என்று ஒவ்வொரு கட்டோடும் ஒரு சீட்டு போகும். அடியில் வெர்னா லுவோமா என்று என் கையெழுத்து.

பள்ளிக்கூடங்களின் பெரிய ஆர்டர் வந்ததே அந்தச் சீட்டைப் பார்த்துத்தான். அதை நம்பித்தான் இரண்டாம் ஷிப்ட் ஓடுகிறது, இருபத்திரண்டு பேர். சான்றிதழைப் புதுப்பிக்க வியாழக்கிழமை தணிக்கைக்கு ஆள் வருவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை, கை சும்மா இருக்காமல், இயந்திரத்தில் ஏறியிருந்த சுருளிலிருந்து ஒரு துண்டை நனைத்துக் கிழித்தேன். பழைய காகிதம் என்றால் நார் அரைபட்டு அரைபட்டுக் குட்டையாகியிருக்கும், கிழிந்த விளிம்பு மொட்டையாக இருக்கும். இதிலோ பூனை மீசை மாதிரி நார் நீட்டிக்கொண்டிருந்தது. அது புது மரத்தின் நார்.

காகிதம் விற்கிறவன்தான் திருடன் என்று முதலில் முடிவு கட்டினேன். முதலாளி புதுக் கார் வாங்கியது ஞாபகம் வந்தது, அவரையும் சேர்த்துக்கொண்டேன். பிசின் கலக்குகிறவன் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை, அவனையும். ஆனால் கிடங்கில் பழைய காகிதம் என்று அடையாளத்துக்குப் பச்சைப் புள்ளி ஒட்டிய சுருள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துப் பார்த்தேன். எல்லாம் மொட்டை. வந்த சரக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது. அப்படியானால் மாற்றியவர் உள்ளேயே இருக்கிறார்.

இயந்திரம் ஓட்டுகிற ரஸ் டொமாசிச் என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன துப்பறியும் அம்மா, இன்னிக்கு யாருக்கு விலங்கு?"

"புள்ளி இல்லாத சுருள் எதுக்குடா மேல ஏறியிருக்கு? அது சறுக்குமேடைப் பலகைக்குன்னு வாங்கின மரக் காகிதம்."

அவன் தெர்மாஸிலிருந்து காப்பியை ஊற்றினான். கோப்பை நிரம்பி வழிந்தது.

"நைஞ்ச சுருளை மட்டும்தான் மாத்தினேன், மூணுல ஒண்ணு."

"எவன் காசு குடுத்தான்?"

"காசா! என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" கோப்பையை டக்கென்று கீழே வைத்தான். "பழைய காகிதம் பிசின் தொட்டியில நனைஞ்சதும் பட்டுபட்டுனு அறுந்துடுது. அறுந்தா சைரன். ஆலையே திரும்பிப் பாக்குது. ஆத்துக்கு அந்தப் பக்கம் காகித மில்லுல இருபத்தாறு வருஷம் மெஷின் ஓட்டினவன் நான். என் கையில காகிதம் அறுந்துச்சுன்னு எவனும் பேசக்கூடாது."

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. யார் கையில் காகிதம் அறுந்ததோ அவர் மறுநாள் எல்லாருக்கும் டோனட் வாங்கிவர வேண்டும். தின்றுகொண்டே அவரைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள். யோசித்தால், நான் டோனட் தின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. மழை நின்றதற்குக் காரணம் கேட்கிறவள், சைரன் நின்றதற்குக் கேட்கவில்லை. அவன் முதுகில் தட்டி வேறு கொடுத்திருந்தேன்.

"வியாழக்கிழமை பச்சைப் புள்ளி மட்டும் ஏத்துறேன். தணிக்கைக்கு வர்ற அம்மா பாத்துட்டுப் போயிடட்டும்" என்றான். "இருபத்திரண்டு பேரு, வெர்னா."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வியாழக்கிழமை தணிக்கைக்கு வந்த இமோஜன் பிராட், மழைக்கோட்டைக் கழற்றாமலே சீட்டுகளைப் புரட்டினாள். பிறகு சைரன் பதிவேட்டைக் கேட்டாள்.

"மூணு மாசத்துல ஒரு தடவைகூட அறுந்துபோகலையா? பழைய காகிதத்துலயா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். என் ஜாதிச் சந்தேகக்காரி. எங்க ஆள் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது சைரன் அலறியது.

ஆலையே திரும்பியது. அறுந்த காகிதம் தொட்டியில் தொங்க, காதுவரை சிவந்து ரஸ் நின்றான். அவனையே அத்தனை பேர் பார்க்க, நான் மட்டும் ஒளிந்துகொள்ள மனம் வரவில்லை.

"மூணுல ஒண்ணு மரக் காகிதம் ஓடியிருக்குங்க" என்றேன். "அந்தச் சீட்டுங்கள்ல இருக்கிறது என் கையெழுத்து. கிழிச்சுப் பாக்காமலே போட்டேன்."

சான்றிதழ் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. பள்ளிக்கூட ஆர்டர் போயிற்று. இரண்டாம் ஷிப்டுக்கு வெள்ளிக்கிழமையே கடைசி நாள்.

அன்று ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ரஸ் இரண்டு பெட்டி டோனட்டோடு வந்து நின்றான். இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவரும் எடுக்கவில்லை, ஒரு கேலிகூட இல்லை. அவன் பெட்டியைத் திறந்து நீட்டியபடியே நின்றான்.

நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

"என்னடா மெஷின் ஓட்டுறே நீ?" என்றேன்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு ஒரு கை பெட்டிக்குள் நீண்டது.