செல்வி பிம்பிலாய் தொங்சுக்கை நான் அறிவேன்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியம் என்னுடையதல்ல. மகாசாய் என்ற துறைமுக ஊரில் நான் வேலை பார்க்கும் மீன் டின் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் யாரோ தட்டச்சு செய்தது: "செல்வி பிம்பிலாய் தொங்சுக்கை நான் அறிவேன்." அதன் கீழே இன்னும் நான்கு வாக்கியங்கள். அதற்கும் கீழே பதினான்கு கையெழுத்துகள். பதினோராவது என்னுடையது.

அப்படி ஒரு பெண்ணை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் கையெழுத்திட்டேன். அந்தக் காகிதத்தில் பொய் என்று எனக்குத் தோன்றியது அந்த முதல் வாக்கியம் ஒன்றுதான். பிறகு பார்த்தால், அதில் உண்மையாக இருந்ததும் அது ஒன்றுதான்.

மூன்று ஞாயிறுகளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இது மூன்றாவது. நாளை மறுநாள் செவ்வாய். அதற்குள் முடிக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

"காலை எட்டு மணிக்குக் கொடி ஏறியது. தேசிய கீதம் முடிந்ததும் ஆயிரத்து இருநூறு பேரும் கம்பெனியின் ஒழுக்க நெறிகளை ஒரே குரலில் சொன்னோம். ஒன்று, உண்மையாக நடப்போம். இரண்டு,—"

அடித்துவிட்டேன். இதில் ஒரு கேலி தொனிக்கிறது. நான் அந்த நெறிகளைக் கேலியாக ஒருநாளும் சொன்னதில்லை. நம்பிச் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. பல் தேய்ப்பதுபோலச் சொன்னேன்.

இரண்டாவது தொடக்கம்:

"ஜியாப் அக்கா சிரித்தால் கேன்டீன் முழுக்க—"

இதையும் அடித்துவிட்டேன். ஜியாப் அக்கா அப்படியொன்றும் சிரிப்பவள் அல்ல. சட்டென்று கோபம் வரும். தன் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை யார் பக்கமும் நகர்த்த மாட்டாள். மிளகாய்ச் சாந்தில் கை வைத்தால் கையைத் தட்டிவிடுவாள். வேலை போனவளை இனிமையானவளாக எழுதினால்தான் அநியாயம் அநியாயமாகத் தெரியும் என்று நினைப்பது எழுதுகிறவனின் சோம்பல்.

ஆக, தொடக்கம் இல்லாமலே போகிறேன்.

3

என் வேலை, காகிதம். தொழிற்சாலையின் தரப் பிரிவில் எழுதப்படும் எல்லாத் தாள்களும் என் மேஜைக்கு வரும். தேதி பார்த்துக் கோப்பில் வைப்பேன். ஜியாப் அக்காவின் வேலை, மடிப்பு. டின்னின் மூடியை உடம்போடு சேர்த்து மடிக்கும் இயந்திரங்களிலிருந்து அரை மணிக்கு ஒரு டின் எடுத்து, விளிம்பை அறுத்து, மடிப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று அளந்து எழுதுவாள். மடிப்பு தளர்ந்தால் உள்ளே காற்று போகும், மீன் கெடும், டின் உப்பும். ஒவ்வொரு தாளின் அடியிலும் "ஜியாப்" என்று கிறுக்கியிருப்பாள்.

ஜியாப் என்பது கோழிக்குஞ்சின் கீச்சொலி. என் பெயர் மொட், எறும்பு. எங்களோடு சாப்பிடுகிற லாரிப் பிரிவு துய், பெயருக்கு ஏற்ற குண்டன். பிறந்த வாரத்தில் வீட்டார் வைத்த செல்லப்பெயரோடுதான் நாங்கள் எல்லோரும் கடைசிவரை வாழ்கிறோம். மேலங்கியில் தைத்திருப்பதும் அதுதான். பதிவேட்டுப் பெயர் என்று ஒன்று அடையாள அட்டைக்குள் கிடக்கும். மேலதிகாரிகளின் பதிவேட்டுப் பெயர் மட்டும் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் அறைக் கதவில் அது எழுதியிருக்கும்.

ஒன்பது வருடம் ஜியாப் அக்காவோடு ஒரே மேஜையில் மதியச் சோறு தின்றேன்.*

* சாப்பிடும்போது நாங்கள் அதிகம் பேச மாட்டோம். எனக்குப் பிடித்தது அதுதான். பேசாமல் கூடவே இருக்க முடிகிற மனிதர்கள் எனக்கு வாழ்க்கையில் இரண்டே பேர்தான் கிடைத்தார்கள்.

4

வெளிநாட்டுக்குப் போன சரக்கில் டின்கள் உப்பிவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது. யாராவது ஒருவர் பொறுப்பாக வேண்டும். அடுத்த வாரம் மேனேஜர் தவட்சாய் என்னைக் கூப்பிட்டார்.

"வா மொட், உக்காருப்பா. சாப்பிட்டியா?"

"ஆச்சு சார்."

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. படிக்கணும்னா படிச்சுக்கோ."

படிக்கணும்னா படிச்சுக்கோ என்று மேலே இருப்பவர் சொன்னால் எங்களில் யாரும் படிக்க மாட்டோம். அவர் எதிரிலேயே நிறுத்தி நிதானமாகப் படிப்பது அவரைச் சந்தேகிப்பதாகும். அடுத்தவர் மனம் சங்கடப்பட்டுவிடக் கூடாது என்ற இந்த அச்சத்தை நல்ல குணம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பெரும்பாலும் அது நல்ல குணம்தான்.

"யாரு சார் இந்த பிம்பிலாய்?"

"மடிப்புச் சோதனையில ஒரு பொம்பளை. டின்னைத் தொடாமலே தாள் நிரப்பியிருக்கா. எல்லாரும் போட்டாச்சு, நீயும் இன்னும் மூணு பேரும்தான் பாக்கி."

"எனக்குத் தெரியாத ஆளு சார்."

அவர் சிரித்தார். "அட, தெரிஞ்ச ஆளா இருந்தாத்தானேப்பா கஷ்டம்? தெரியாத ஆளுக்கு என்ன வந்துச்சு உனக்கு?"

நானும் சிரித்தேன். மடிப்புச் சோதனையில் இரண்டு கட்டடங்களிலும் சேர்த்து முப்பது பெண்கள். யாரோ ஒருத்தி என்று நினைத்தேன்.

(நினைத்தேன் என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பிறகு வருகிறேன்.)

5

திங்கட்கிழமை ஜியாப் அக்கா சாப்பிட வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று துய் சொன்னான். சாப்பிட்டு முடித்து, கேன்டீன் வாசலில் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றோம். "செல்வி பிம்பிலாய் தொங்சுக், ஒழுங்கீனம் காரணமாகப் பணிநீக்கம்."

"அடேயப்பா, பிம்பிலாய்!" என்றான் துய். "பேரைப் பாரு, ராணி மாதிரி. ராணியம்மா டின்னை அளக்காமத் தூங்கிட்டாங்க போல."

நான் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு ஞாயிறுகள் யோசித்தேன். நான் சிரித்தேன்.

பின்னால் நின்ற மீன் வெட்டும் பிரிவுப் பெண் ஒருத்தி முகத்துணியைக் கீழே இறக்கினாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கா? தினமும் அவகூட உக்காந்து தின்னுட்டு இப்ப சிரிக்கிறீங்க?"

"யாருகூட?"

"நடிக்காதடா. ஜியாப்தான் அது."

துய் பலகையை மறுபடி படித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவனும் கையெழுத்திட்டிருந்தான் என்பது அந்தப் பார்வையில் எனக்குத் தெரிந்தது. நானும் என்பது அவனுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து நாங்கள் வேறு வேறு மேஜையில் சாப்பிடுகிறோம். சண்டை இல்லை. ஒருவர் முகம் பார்த்து இன்னொருவரால் மெல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

6

போன மாதம் ஜியாப் அக்காவின் அறைக்குப் போனேன். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"ஏன்டா போட்டே?"

"நீன்னு தெரியாதுக்கா. பேரு தெரியாது. சத்தியமா."

அவள் ஒரு சட்டையைப் பிழிந்து உதறினாள். "சரி. வேற எவளோன்னா போட்ருவியா?"

ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பக்கத்து அறையில் குக்கர் மூன்று முறை சத்தம் போட்டது. ஒன்பது வருடம் எனக்குப் பிடித்திருந்த அதே மௌனம்தான், ஆனால் இப்போது அதில் நான் மட்டும் இருந்தேன்.

"என் கதையைச் சொல்றேன், கேளு," என்றாள். "சோதிக்காம எழுதினவன்னு முத்திரை குத்தி அனுப்பிட்டாங்க. இந்த ஊர்ல எந்தக் கம்பெனியும் இனி என்னை மடிப்புப் பக்கம் விடாது. பதினேழு வருஷமா எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். வர்ற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய்க்கு அடுத்தது, தொழிலாளர் நீதிமன்றத்துல விசாரணை. ஒன்பதரைக்கு. வருவியா?"

"வர்றேன். ஆளு தெரியாமப் போட்டேன்னு சொல்றேன்."

"அதனால என்ன ஆகும்? ஒரு கையெழுத்துப் போகும். இன்னும் பதிமூணு இருக்கு." துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "பன்னெண்டாம் தேதி மூணாவது மெஷின்ல மடிப்பு தளர்ந்திருந்துச்சு. சிவப்பு மையில வட்டம் போட்டேன். மெஷினை நிறுத்துங்கன்னு எழுதினேன். நிறுத்தல. அன்னிக்குச் சரக்கு ஏத்தணும்னாங்க. இப்பக் கோப்புல வேற தாள் இருக்கு, என் தாள் இல்ல. என் தாள் உன் மேஜைக்குத்தானே வந்திருக்கும்?"

"எல்லாத் தாளும் வரும்."

"அது வந்துச்சா?"

"ஞாபகம் இல்லக்கா."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் அழகாக இருந்ததால் எடுத்துவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

7

எந்தக் கதையிலும் எழுதுகிறவனுக்கு நம்ப முடியாத ஒரு பாத்திரம் வந்துவிடும். இதில் அது நான்.

இவன் சொல்வது வசதியாக இருக்கிறது. பெயர் தெரியாது என்கிறான். எங்கள் ஊரில் இதைக் கேட்கிற எவரும் உடனே தலையாட்டுவார்கள். அவரவர் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கும்: பக்கத்து வீட்டுக்காரரின் சாவுக்குப் போய், வாசல் பலகையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, வேறு யார் வீட்டுச் சாவுக்கோ வந்துவிட்டோம் என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. சிரிப்பார்கள், மன்னிப்பார்கள். எல்லோரும் செய்யும் பிழைக்குள் ஒருவன் தன் சொந்தப் பிழையை வைத்து மூடினால் வெளியே தெரியாது.

அந்தக் காகிதத்தின் மூன்றாவது வாக்கியம் இது: "பன்னிரண்டாம் தேதி மூன்றாவது இயந்திரத்தில் அவர் எந்த டின்னையும் சோதிக்கவில்லை."

பதின்மூன்றாம் தேதி காலை சிவப்பு வட்டங்கள் போட்ட தாளை நான்தான் கோப்பில் வைத்தேன். அடியில் "ஜியாப்" என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து வேறு ஏதோ எடுக்கக் கோப்பைத் திறந்தபோது, அங்கே சுத்தமான தாள் ஒன்று, வேறு கையெழுத்தில் இருந்தது. பார்த்தேன். கோப்பை மூடினேன். மேனேஜர் அறையில் கையெழுத்துப் போடுமுன் என் கண் ஒருமுறை காகிதத்தில் மேலிருந்து கீழே ஓடியது. முழுதும் படிக்கவில்லை. ஆனால் தேதிகளைப் பார்ப்பதுதான் என் தொழில். வேண்டாம் என்றாலும் கண் அங்கே போய் நிற்கும்.

பெயர் தெரியாது என்பது உண்மை. ஆள் தெரியாது என்பது

(இந்த வாக்கியத்தை முடிக்கத்தான் மூன்று ஞாயிறு ஆயிற்று. முடியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

8

முடிவுகள்.

அ. அவன் போகிறான். பெயர் தெரியாமல் போட்டேன் என்கிறான். நீதிபதிகூடப் புன்னகைக்கிறார். கையெழுத்து ஒன்று குறைகிறது. வழக்கு தோற்கிறது. அவன் வேலை போகவில்லை. தப்பை ஒத்துக்கொண்டவன் என்ற நல்ல பெயர்கூடக் கிடைக்கிறது. இதுதான் எனக்கு வாசிக்க மிகவும் பயமாக இருக்கிற முடிவு.

ஆ. அவன் போகிறான். தாள் இருந்தது என்கிறான். பார்த்தும் கோப்பை மூடினேன் என்கிறான். அவள் வெல்கிறாள். மறுநாள் அவன் மேஜையில் வேறொருவர். அவள் நன்றி சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

இ. செவ்வாய் காலை எட்டு மணி, கொடி ஏறுகிறது, அவன் வரிசையில் நின்று வாயை—

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே துய் போன் செய்தான். இரண்டு மாதத்தில் முதல் முறை.

"டேய் எறும்பு, செவ்வாய்க்கிழமை போறியாமே?"

"யாரு சொன்னா?"

"லீவு எழுதிக் குடுத்திருக்கியாம். ஊருக்கே தெரியும். போ, நல்லதுதான். பேரு தெரியாதுன்னு சொல்லு. நானும் உன்கூட வந்து அதையே சொல்றேன். ரெண்டு பேரும் முட்டாளுங்கன்னு சிரிச்சுட்டு விட்ருவாங்க. அதுக்கு மேல வாயைத் திறக்காத."

"அதுக்கு மேல என்ன இருக்கு?"

துய்தான் அன்று சரக்கை லாரியில் ஏற்றியவன். மூன்றாவது இயந்திரத்துக்காக லாரி எவ்வளவு நேரம் காத்திருந்தது, யார் வந்து போகலாம் என்று சொன்னது, அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எனக்கு எப்படிடா தெரியும்?" என்றான். "சோறு தின்னியா?"

"இன்னும் இல்ல."

"தின்னு."

வைத்துவிட்டான்.

9

முடிவை உங்களிடம் விடுகிறேன். பெருந்தன்மை என்று எண்ண வேண்டாம். என்னிடம் முடிவு இல்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தச் செவ்வாய் கடந்திருக்கும். நான் அதற்கு இந்தப் பக்கம் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சாட்சி நாற்காலியில் உட்காரவைத்து, அவளுடைய வக்கீல் தாளைப் பற்றிக் கேட்கத்தான் போகிறார். ஞாபகம் இல்லை என்று ஒருமுறை சொன்ன வாய்க்கு இரண்டாவது முறை சொல்வது கடினமல்ல. வக்கீல் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். நீதிபதி எழுதிக்கொள்வார். ஜியாப் அக்கா சந்தேகப்படலாம், ஆனால் அவளுக்கும் உறுதியாகத் தெரியாது. அது பொய் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில், என்னைத் தவிர, இதை இவ்வளவு தூரம் படித்த நீங்கள்தான்.

நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.