மரியாதைக்குக் கேட்ட இன்னொன்று

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஊர் ஃபிரெஸ்னோவில் கவிதை வாசிப்பு நடக்கும். பெயர் 'ஞாயிறு மேசை'. பத்தொன்பது வருடமாக நான்தான் நடத்துகிறேன். நடத்துவது என்றால் நாற்காலி போடுவது, மைக்கை ஊதிப் பார்ப்பது, வெளியூரிலிருந்து வரும் கவிஞரை வாயாரப் புகழ்வது, அவர் புத்தகத்தில் ஒன்றை நானே வாங்கிக்கொள்வது, கடைசியில் தரையைக் கூட்டுவது. நானும் கவிதை எழுதுகிறவள்தான். ஆனால் பந்தி பரிமாறுகிறவளுக்கு இலை போட யாருக்கும் நினைவு வராது. வந்த கவிஞர்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்கும், அவர்களில் ஒருவர்கூட "டெல்ஃபினா, நீ என்ன எழுதுகிறாய்?" என்று கேட்டதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததற்கு இது சமாதானம் ஆகாது, காரணம் மட்டும்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் படித்து முடித்தாலும் முன்வரிசையிலிருந்து ஒருவர் "இன்னொன்னு!" என்று குரல் கொடுக்க வேண்டும். விருந்தில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்கிறோமே, அந்த மாதிரி. சாப்பிடுகிறவர் கையால் மறிக்க வேண்டும். கவிஞரும் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு இன்னொன்றும் படிக்கிற ஆளை எங்கள் ஊரில் ஒரு வருடம் பேசுவார்கள். நானே பலரைப் பேசியிருக்கிறேன்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை எவரிஸ்தோ நான் வேலை பார்க்கும் பள்ளிப் பேருந்து அலுவலகத்துக்கு வந்தார். திராட்சைத் தோட்டங்களில் நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்த மனிதர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'தோன்' எவரிஸ்தோ, 'ஐயா' என்கிற மாதிரி. பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு யாருக்கும் வயதும் இல்லை, தைரியமும் இல்லை. மேசைக்கு மாதம் தவறாமல் வருவார். யாரும் பெயர் கொடுக்கலாம் என்கிற பொதுப் பட்டியலில் பெயர் எழுதுவார். எதுகை மோனையோடு பத்து வரி படிப்பார். பழைய பாணி. இளசுகள் அந்த நேரத்தில் காபி வாங்க எழுந்து போவார்கள். நானும் அவர் பெயரைப் பட்டியலின் அடியிலேயே வைத்திருப்பேன்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க தோன். என்ன, பஸ் ஓட்ட வந்துட்டீங்களா?"

"என்னை நம்பிப் பிள்ளைங்கள ஏத்துவியாம்மா நீ?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஒத்திலியாவுக்குப் புதன்கிழமை ஆபரேஷன். வலது காதுக்குப் பின்னால கட்டி. எடுத்தே ஆகணுமாம். எடுத்தா அந்தக் காது போயிடுமாம்."

அவர் மனைவி ஒத்திலியாவுக்கு இடது காது சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டது எனக்குத் தெரியும்.

"அப்போ…"

"ஆமா. அப்புறம் ஒண்ணும் கேக்காது. இப்பவே சும்மா பேசினா சரியா கேக்கல. ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்தா கேக்குது. சர்ச்சுல அப்படித்தான் உக்காருறா." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நாப்பத்தொரு வருஷமா நான் நோட்டுல கிறுக்குறதைப் பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு தடவைகூட இங்க வந்து கேட்டதில்ல. ஞாயித்துக்கிழமைன்னா அவளுக்குத் துவைக்கிற நாள். இப்ப வர்றேங்கிறா. என் குரல்ல, நாலு பேர் முன்னாடி கேக்கணும்கிறா. அவளுக்குன்னு ஒண்ணு எழுதியிருக்கேன். முதல்முதலா அவ முகத்தைப் பாக்கல நான். திராட்சைக் கொடிக்கு அந்தப் பக்கம் நின்னு கூடைக் கணக்கு கத்திக்கிட்டு இருந்தா. குரலைத்தான் கேட்டேன். அதைப் பத்தி."

"பட்டியல்ல முதல் பேரு உங்களுதுதான் தோன்," என்றேன். "சத்தியமா." அவர் கண் முன்னாலேயே எழுதியும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒன்றரைக்கே வந்துவிட்டார்கள். ஒத்திலியா நீலப் பூப்போட்ட சட்டை போட்டு, உதட்டில் சாயம்கூடப் பூசியிருந்தாள். நான் அவளை முன்வரிசையில், கறுப்பு ஸ்பீக்கருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார வைத்தேன். "இதுல கேக்குமா?" என்று காதருகே கேட்டேன்.

"ஏன் கத்துறே? நீ கத்துறது அடுத்த ஊருக்கே கேக்குது," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சிறப்புக் கவிஞன் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வர வேண்டிய யாதியேல். முப்பது வயது, இரண்டு புத்தகம். இரண்டு மணிக்கு வரவில்லை. இரண்டரைக்கும் வரவில்லை. எவரிஸ்தோ என்னிடம் வந்தார்.

"நான் இப்பவே படிச்சிடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க தோன். அவங்க வந்துடட்டும். எல்லாரும் கேக்கட்டுமே."

'அவங்க' என்று நான் சொன்னது யாதியேலை அல்ல. அவனோடு கிராசியேலா மொந்தால்வோ வருவதாகத் தகவல். சான் பிரான்சிஸ்கோவில் சின்னப் பதிப்பகம் நடத்துகிறவள். பெயர் தெரியாத எங்களைப் போன்றவர்களின் புத்தகங்களைத்தான் போடுவாள். அவள் கண்ணுக்கு நிகழ்ச்சி ஒழுங்காகத் தெரிய வேண்டும், சிறப்புக் கவிஞனுக்குப் பிறகுதான் பொதுப் பட்டியல் வர வேண்டும் என்று நினைத்தேன். சும்மா கிடந்த மைக்கின் முன்னால் நாற்பது பேரை ரொட்டி தின்ன வைத்து நாற்பது நிமிடம் கடத்தினேன்.

வந்தார்கள். யாதியேல் ஒவ்வொரு கவிதைக்கும் முன்னால் அதை ஏன் எழுதினான் என்று விளக்கினான். விளக்கம் கவிதையைவிட நீளம். நாலு முப்பத்தைந்துக்கு முடித்தான். ஐந்து மணிக்கு மண்டபத்தை விட்டுவிட வேண்டும். ஒரு பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்குக் கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் இருபத்தைந்து நிமிடம் கையில் இருந்தது. எவரிஸ்தோவின் பத்து வரிக்கு இரண்டு நிமிடம் போதும்.

நான் மைக்கிடம் போனேன். பட்டியலைக் கையில் எடுத்தேன். அப்போது கிராசியேலா தன் இடத்திலிருந்தே, "டெல்ஃபினா, உங்களோடது ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

பத்தொன்பது வருடம். கேட்டுவிட்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றேன். கைப்பையில் மூன்று தயாராக இருந்தன. அதைப் பார்த்தாலே தெரியும், நான் எப்படிப்பட்டவள் என்று. முதலாவது, அம்மாவும் பிளம் மரமும் பற்றியது. படித்தேன். கைதட்டினார்கள். பிறகு முன்வரிசையிலிருந்து ஒத்திலியா, வழக்கம் தெரிந்தவள், மரியாதை தெரிந்தவள், "இன்னொன்னு!" என்று குரல் கொடுத்தாள்.

அது வெறும் மரியாதை என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்த மண்டபத்தில் யாருமில்லை. நெஞ்சில் கை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கிராசியேலா குறிப்பேட்டில் ஏதோ எழுதுவது தெரிந்தது. இரண்டாவதைப் படித்தேன். விளக்கமும் சொன்னேன், யாதியேலைப் போலவே. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. அதையும் படித்தேன். என் தோழி சாயோ பின்னால் காபி மேசையிலிருந்து கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"தோன் எவரிஸ்தோ!" என்று நான் கூப்பிட்டபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம். அவர் எழுந்தார், தலைமுடியைக் கையால் படிய வைத்தார், காகிதத்தைப் பிரித்தார். மைக் முன்னால் வந்து தொண்டையைச் சரிசெய்தார். ஸ்பீக்கர் 'டப்' என்று செத்தது. பாட்டுப் போடுகிற ஆள் எங்கள் வயரைப் பிடுங்கித் தன் பெட்டியைச் சொருகிவிட்டான்.

ஓடினேன். "தம்பி, ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம்!"

"அக்கா, அஞ்சு மணிக்குன்னு சொல்லிட்டாங்க. அங்க பாருங்க, கேக்கு வாசல்லயே நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நாலு பேர் ஐந்து அடுக்குக் கேக்கைத் தூக்கிக்கொண்டு உண்மையிலேயே வாசலில் நின்றார்கள். மறுநொடி கும்பியா நடன இசை வெடித்தது. எவரிஸ்தோ வாயைத் திறந்தார், ஏதோ ஒரு வரி சொன்னார் போலிருக்கிறது, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. மூடிக்கொண்டார்.

ஒத்திலியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"படிச்சிட்டியா? எனக்குத்தான் கேக்கலையா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். என்னைப் பார்த்து, "பரவால்லம்மா. சின்னப் புள்ளைக்கு விசேஷம்," என்றார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கிராசியேலாவுக்கு என் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று தோன்றியது. சாயோவின் சர்ச்சில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் வைத்து, "படிங்க தோன்" என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து நிமிட வேலை. செய்யவில்லை. கூச்சம். அவர் முகத்தைப் பார்க்க வெட்கம். தவிர, கிராசியேலாவிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டதா என்று மணிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கு நேரம் இருந்தது. புதன்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை. காதும் போயிற்று.

கிராசியேலா எழுதவே இல்லை.

அக்டோபர் மேசைக்கு அவர்கள் வரவில்லை. நவம்பரில் வந்தார்கள். அதே முன்வரிசை. ஒத்திலியா தலையில் துணி கட்டியிருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது. நான் பட்டியலின் தலையில் அவர் பெயரை என் கையாலேயே எழுதி, கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"இன்னிக்கு நீங்கதான் முதல்ல. வேற எவனும் இல்ல. எவ்வளவு நேரம் வேணும்னாலும் படிங்க."

"வேணாம்மா."

"தோன், அந்தக் கவிதை…"

"அதை அவ காகிதத்துல படிச்சிட்டா. நல்லா இருக்குன்னா. உங்களுக்குப் படிக்கிறதுக்கு எழுதல நான்." கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எவ்வளவோ தேவலை.

எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒத்திலியா என் கையைப் பிடித்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"டெல்ஃபினா! நான் கடைசியாக் கேட்ட கவிதை உன்னோடதுதான். நீ முதல்ல படிச்சது மனசுல நிக்குது, மறந்துடக் கூடாதுன்னு தினமும் சொல்லிப் பாக்குறேன். சரியா இருக்கான்னு பாரு!"

சொன்னாள்:

"பிளம் மரம் பூத்த அன்று
அம்மா கதவைத் திறந்து வைத்தாள்.
யார் வருவார் என்று கேட்டேன்.
வசந்தம் என்றாள்."

ஒரு வார்த்தை பிசகவில்லை. காபி மேசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பிளம் மரம் இருந்ததே இல்லை. என் அம்மா வாடகை வீட்டில், கதவைத் தாழிட்டுக்கொண்டே வாழ்ந்து செத்தாள். பதிப்பாளர்களுக்குப் பிடிக்கும் என்றுதான் அதை எழுதினேன்.

"சரிதானே?" என்றாள்.

சரி என்று தலையை ஆட்டினேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. கவிதை தன்னைத் தொட்டுவிட்ட சந்தோஷத்தில் நான் அழுவதாக நினைத்து அவள் என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். "வீட்லயும் இதேதான். இந்த மனுஷனுக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு," என்று கணவரைக் காட்டினாள்.

நான் எவரிஸ்தோவைப் பார்த்தேன். அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"கத்துக்கிட்டேம்மா. அவ வாய் அசையுறப்ப நானும் கூடவே அசைப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து சொல்றதுக்கு அது ஒண்ணுதானே இருக்கு இப்ப."