வயிறு தள்ளிய சுவர்

அடுப்படிச் சுவர் விழுந்த நாளிலிருந்து பிச்சையம்மாளின் பானைக்குள் என்ன வேகிறது என்பது தெரு முழுவதற்கும் தெரிந்துபோயிற்று.

தெருவைப் பார்த்த மண் சுவர் அது. புரட்டாசி மழையில் அடி ஊறி, ஒரு மத்தியானம், அலுத்துப்போன ஆள் உட்காருவதுபோல அப்படியே உட்கார்ந்துவிட்டது. கொத்தனார் வீட்டுச் சுவர். அதிலும் போடி கொத்தனார்கள் சங்கத்தின் செயலாளர் கோட்டைச்சாமி வீட்டுச் சுவர். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அவள் புருஷன் நினைத்தால் அதை எடுத்துக் கட்டிவிடலாம். ஆனால் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம். ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி கட்டிக்கொண்டிருந்த காண்டிராக்டர், தொழில் பழக வந்த இளவட்டங்களை "இன்னும் பழகலை, இன்னும் பழகலை" என்று சொல்லியே அரைக்கூலிக்கு வைத்திருந்தார். மூன்று வருஷம் கூட நின்று பழகியவன் கையில் சாந்து பூசும் கரணையைக் கொடுத்து முழுக் கொத்தனாராக ஏற்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. அவர் முடியாது என்றார். ஊரிலிருந்த கொத்தனார்கள் அத்தனை பேரும் தங்கள் கரணையையும் தூக்குக்குண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, சங்கத் தலைவர் கர்ணன் வீட்டு விட்டத்தில் தொங்கவிட்டார்கள். தீர்வு வரும்வரை போடிக்குள் எந்தச் சுவரும் ஏறக் கூடாது. கோயிலானாலும் சரி, ஆட்டுக்கொட்டிலானாலும் சரி.

"நம்ம அடுப்படியும் அதுல சேத்தியா?" என்று கேட்டாள் பிச்சையம்மாள்.

"ஒருத்தனுக்கு விட்டுக்குடுத்தா ஊருல எல்லாச் சுவரும் சொந்தச் சுவராயிரும். கூட்டத்துல இதை நான்தான் பேசினேன். ஒரே கைதட்டு."

"கைதட்டுனவுக யாராச்சும் நான் கொழம்பு வைக்கிறதை வந்து மறைச்சுக்கிட்டு நிப்பாகளா?"

கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போய்விட்டான். ஒரு தட்டியாவது கட்டுங்கள் என்று கேட்டதற்கு, தென்னங்கீற்றில் ஒன்று கட்டித் தந்திருந்தான். மலையிலிருந்து இறங்கிய காற்று அதை அடுப்பின்மேல் தள்ளிப் பாதி எரிந்துபோயிற்று.

பசி அவளுக்குப் புதிதில்லை. சின்ன வயதிலிருந்து பழகியதுதான். பார்க்கப்படுவதுதான் புதிது. தெருவில் யாராவது வரும் சத்தம் கேட்டால் காலிப் பானைக்குள் அகப்பையை விட்டுக் கிண்டுவாள். அவர்கள் கடந்து போனதும் அகப்பையை எடுத்து வைத்துவிட்டு, யாருக்காகக் கிண்டினோம் என்று தன்மேலேயே எரிந்து விழுவாள். மறுபடி யாராவது வந்தால் கை தானாக அகப்பையைத் தேடும்.

ஒரு நாள் மார்க்கையன்கோட்டையிலிருந்து அவள் அண்ணன் வந்தான். வேட்டி முந்தியில் கொஞ்சம் அரிசி முடிந்து கொண்டுவந்திருந்தான். ரேஷன் சோளத்தைத் தின்று தின்று நாக்கு மரத்துப் போயிருந்த நாட்கள். அவன் புறப்பட்டுப் போனதும் உலை வைத்தாள். நெல்லுச் சோற்றின் மணம் தெருவுக்குப் போயிற்று. சாயங்காலத்துக்குள் செய்தியும் போயிற்று. செயலாளர் வீட்டில் சோறு பொங்குகிறது, காண்டிராக்டர் மறைவாகக் கையில் பணம் வைத்து அழுத்தியிருப்பார் என்று.

இதைச் சொன்னவள் ராஜாத்தி. பிச்சையம்மாளோடு சாந்து சுமக்கும் சித்தாள், அடுத்த வீட்டுக்காரி. "நான் நம்பலைக்கா. ஆனா சொல்றாக."

பிச்சையம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சோறு பொங்கினால் துரோகம், பொங்காவிட்டால் கேலி. அண்ணன் கொடுத்ததென்று வீடு வீடாகப் போய்ச் சொல்லவா? எதற்குச் சொல்ல வேண்டும்? தன் அடுப்புக்குத் தானே சாட்சி சொல்லித் திரிவதைவிட அந்தச் சோற்றைத் தெருவில் கொட்டிவிடலாம் என்றிருந்தது. கொட்டவில்லை. தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முழுவதையும் தின்றாள்.

மறுநாள் விழுந்த மண்ணையே கொத்திப் போட்டாள். தண்ணீர் விட்டாள். வைக்கோலை நறுக்கிப் போட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தாள்.

"என்னக்கா செய்றீக?" என்றாள் ராஜாத்தி.

"கண்ணு தெரியலையா? சுவர் வைக்கிறேன்."

ராஜாத்தி கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கரணை இல்லை. இருந்தாலும் அவளுக்கு அதைப் பிடித்துப் பழக்கமில்லை. இத்தனை வருஷமும் தலையில் சுமந்து மேலே கொடுத்ததோடு அவள் வேலை முடிந்துவிடும். கொடுத்த சாந்து மேலே என்ன ஆகிறது என்று அண்ணாந்து பார்க்க நேரம் இருந்ததில்லை. கையாலேயே அப்பினாள். ஒரு மண் படை காய்ந்த பிறகுதான் அதன்மேல் அடுத்த படை.

கோட்டைச்சாமி வந்து பார்த்தான். பார்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் பாக்கலை" என்றான்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் வரும்போதெல்லாம் கழுத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தான், சுளுக்குப் பிடித்தவனைப்போல. சுவர் இடுப்புயரம் வந்தபோது, கொல்லைப் பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னான்:

"வெளிப்பக்கம் தள்ளுது."

"எங்கன?"

"நான் பாக்கலைன்னு சொன்னேன்ல."

"பாக்காம எப்படித் தள்ளுதுன்னு சொல்றீக? ஒண்ணு பாத்துச் சொல்லுங்க, இல்ல வாயை மூடிக்கிட்டு இருங்க."

அவன் வாயை மூடிக்கொண்டான். சுவர் தள்ளிக்கொண்டே வந்தது. அவளுக்கே தெரிந்தது. எங்கே தொடங்கியது என்றுதான் பிடிபடவில்லை. ஒரு பக்கம் கையால் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கியது. இரவல் வாங்கிய பிள்ளையைச் சமாதானம் பண்ணுவது போலிருந்தது. போகட்டும், மறைத்தால் போதும் என்று மேலே அப்பினாள்.

தலையுயரம் வந்து கடைசிப் படை ஈரமாக இருக்கும்போதே கர்ணன் வந்தார். பின்னால் சங்கத்து ஆட்கள். நடுவில் கோட்டைச்சாமி. காண்டிராக்டரின் ஆள் தெருவோடு போனவன், உங்கள் செயலாளர் வீட்டிலேயே வேலை நடக்கிறதே என்று கேட்டுவிட்டானாம்.

"யாருத்தா இதைக் கட்டுனது?" என்றார் கர்ணன்.

"நான்தாண்ணே. ராஜாத்தி தண்ணி சுமந்தா."

"வேலைநிறுத்தம்னு தெரியாதா?"

"தெரியாமலா? எங்க அடுப்புக்கே தெரியும்ணே."

"கட்டுப்பாட்டை மீறினா அபராதம் உண்டு."

"போடுங்க. சங்கத்துல எம் பேரு எங்கன இருக்குன்னு பாத்துட்டுப் போடுங்க."

கர்ணனுக்கு உடனே விளங்கவில்லை. ராஜாத்தி இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். பிச்சையம்மாளே விளக்கினாள்.

"சித்திரையில நான் வந்து கேட்டேன்லண்ணே, எங்களையும் சேத்துக்கங்கன்னு. இது கொத்தனாருக சங்கம், சுமக்கிறவளுக்கு எதுக்குன்னு சொன்னீக. பழகுற பயலுகளுக்கு மூணு வருசம்னா எங்களுக்கு எத்தனை வருசம்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சீக."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? பொஞ்சாதி கட்டுனா புருசன் கட்டுன மாதிரித்தான்."

"அப்ப கூலியும் அவுக கூலியே எனக்குக் குடுத்திருக்கணும்ல?" என்றாள் பிச்சையம்மாள்.

பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டு இருமலாக்கிக்கொண்டான். கர்ணன் முகம் சிவந்து கோட்டைச்சாமியிடம் திரும்பினார்.

"ஏலே, நீயே சொல்லு. ஒண்ணு இந்தச் சுவத்தை உன் கையால தள்ளு. இல்ல செயலாளர் வேலையை விடு."

பிச்சையம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் தள்ளுவான் என்றே நினைத்தாள். கூட்டத்தில் கைதட்டு வாங்கியவன், தள்ளாமல் என்ன செய்வான்? தள்ளட்டும். மறுபடி மிதித்து மறுபடி அப்புவேன் என்று நினைத்தபோது, அதற்கான தெம்பு தன்னிடம் இல்லை என்பதும் கூடவே தெரிந்தது. உள்ளங்கை வெடித்திருந்தது. நகக்கண்ணில் மண்.

கோட்டைச்சாமி முதல் தடவையாகக் கழுத்தைத் திருப்பிச் சுவரை நேராகப் பார்த்தான். மேலிருந்து கீழாக. பார்க்கப் பார்க்க அவன் முகம் கோணியது.

"அண்ணே, தூக்குக்குண்டு சாக்குல கெடக்கு. ஒரு கயித்துல கல்லைக் கட்டிப் பிடிச்சுப் பாருங்க" என்றான். "இதைக் கட்டுனது கொத்தனாருன்னு ஒருத்தன் சொன்னா, அவன் கண்ணு தெரியாதவன். நான் தூக்கத்துல கட்டுனாக்கூட இப்படி வராது."

ஒருவன் கயிறு பிடித்தே பார்த்தான். கயிறு சுவரின் வயிற்றில் இடித்து, கீழே ஒரு சாண் விலகி ஆடியது. கர்ணன் கையால் தடவிப் பார்த்தார். அவர் மீசை துடித்தது.

"ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி மாதிரில்ல நிக்குது" என்றார்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். தெருவும் சிரித்தது. ராஜாத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, கெடக்கட்டும். இதைச் சுவருன்னு எவனும் சொல்ல மாட்டான்."

"எம் பேரு எழுதுறது என்னண்ணே ஆச்சு?" என்றாள் பிச்சையம்மாள்.

"எல்லாம் தீரட்டும்த்தா. அப்புறம் பேசுவோம்" என்று நடந்துகொண்டே சொன்னார் கர்ணன்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சுவர் தப்பித்தது. நன்றாகக் கட்டியிருந்தால் இடித்திருப்பார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதான். சந்தோஷம் வரவில்லை. இடித்திருந்தால் ஆத்திரமாவது முழுசாக வந்திருக்கும்.

மத்தியானம் கோட்டைச்சாமி உள்ளே வந்தான். இப்போது பார்க்கத் தடையில்லை என்பதால் சுவரை விட்டுக் கண்ணை எடுக்க அவனால் முடியவில்லை. கை பரபரத்தது.

"வேலைநிறுத்தம் முடிஞ்ச மறுநாளே இதைத் தட்டிட்டு நேரா எடுத்துத் தாரேன்."

"கை வச்சீகன்னா பாருங்க."

"ஊரே சிரிக்குது பிள்ள."

"சிரிக்க வச்சது யாரு?"

காப்பாற்றியது நான்தானே என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சங்கத்துல எம் பேரை எழுதுன அன்னைக்கு வந்து தொடுங்க. அதுவரைக்கும் இது உங்க வேலையில்ல" என்றாள்.

அவன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனான். போகிறபோதும் ஒரு தடவை திரும்பிச் சுவரைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

பிச்சையம்மாள் சோளக்கூழைச் சட்டியில் ஊற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். வெளியே தள்ளியிருந்த வயிறு உள்ளே ஒரு குழியாக இருந்தது. சாய்ந்தபோது முதுகு அதில் சரியாகப் பொருந்தியது. மண்ணின் ஈரம் ரவிக்கையைத் தாண்டிச் சில்லென்று பட்டது. தெருவில் யாரோ வரும் காலடி கேட்டது. கை அகப்பையைத் தேடிப் பாதியில் நின்றது. காலடி சுவரருகே வந்து தயங்கி, யாரிடமோ பிள்ளைத்தாச்சி என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கடந்து போயிற்று.

அவள் கூழைக் குடித்தாள்.