இரண்டு எஞ்சினுக்கு இரண்டு கை

இரண்டு எஞ்சினையும் ஒரே ஆள் தொடக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் சட்டம். ஒரு கை தவறினாலும் மற்ற எஞ்சின் விமானத்தைத் தரைசேர்த்துவிடும். அன்று காலை இரண்டையும் அவளே தொட்டாள்.

இடது எஞ்சின் அவள் பொறுப்பு, வலது அக்கா புருஷனுடையது. ஆயிலில் வரும் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத் திருகைக் கழற்றித் துடைத்து, புது ரப்பர் வளையம் போட்டு மாட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. அதற்குள் அக்கா போன் செய்தாள்; மகள் பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டாளாம்.

"விஞ்ஞானி, என்னோடதையும் பாத்துடு" என்று அவர் போனோடு வெளியே போனார். பி.எஸ்சி. முடித்துவிட்டு ஸ்பானர் பிடிக்க வந்தவளுக்கு அவர் வைத்த பட்டம் அது. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. திரும்பி வந்தவர், வலது எஞ்சினைத் தானே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார்.

விமானம் பயணிகளை ஏற்றப் போனபின், கைதுடைக்கும் துணிக்காகப் பையில் கைவிட்டாள். பிரிக்காத இரண்டு உறைகள் தட்டுப்பட்டன. இரண்டிலும் வளையங்கள்.

காற்றில் பறந்துவிடுமென்று பையில் போட்டது. ஒன்றில் மறந்த கை மற்றதிலும் மறந்திருக்கிறது. பறக்கும்போது ஆயில் கசிந்து தீரும். இரண்டு எஞ்சினும் நிற்கும்.

அவரிடம் காட்டினாள். முகம் செத்துவிட்டது. கையெழுத்து பொய் என்று தெரிந்தால் லைசென்ஸ் போகும், பதினெட்டு வருஷ வேலை போகும் என்றார். பிறகு குரலைத் தணித்தார்.

"உன்னோடத மட்டும் சொல்லு. விமானம் பட்டறைக்குத் திரும்பி வரட்டும், மத்தத நான் சத்தமில்லாம மாட்டிடறேன்."

"வரலைன்னா, மாமா? அங்கயே வேற ஆளு ஒண்ண மட்டும் மாட்டி அனுப்பிட்டா?"

அவர் கையிலிருந்த போனை மேசைமேல் வைத்தார்.

பேருந்தில் இறங்கணும் என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடப்பவள் அவள். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். விமானத்தை நிறுத்தச் சொன்னாள். எந்த எஞ்சின் என்று கேட்டார்கள்.

"ரெண்டும்."

மேசைமேல் அவருடைய போன் அதிர்ந்தது. அக்கா. அவர் எடுக்கவில்லை.

ரெண்டையும் பாத்தது யாரு என்று அடுத்த கேள்வி வந்தது. அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் ஒருத்திதான்."