வலப்பக்கமே திரும்பும் ஏர்

என் புருஷன் ஹார்ட்விக்குக்கு உழத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் போடும் சால் நூல் பிடித்தமாதிரி நேராக இருக்கும். இருபது வருஷம் கடலில் தூண்டில் கயிறு இழுத்த கை, மேழியைப் பிடித்தால் ஆடாது. தொல்லையெல்லாம் வயலின் முனையில்தான். அங்கே மாடுகளைத் திருப்பும்போது வலப்பக்கம் மட்டும்தான் திருப்புவார். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் ஏற்கவில்லை.

நார்வேயில் எங்கள் கரையில் படகைத் தள்ளினால் சூரியன் போகிற வழியில், வலமாகத்தான் திருப்புவார்கள். இடமாகத் திருப்பிய படகு வீடு வந்து சேராது என்பார்கள். சரி, அது கடல். இது அமெரிக்காவின் நட்டநடுவில் டக்கோட்டா. நாலு நாள் நடந்தாலும் ஒரு படகைப் பார்க்க முடியாத ஊரில் மாட்டுக்கு எதற்கு இந்தச் சட்டம்?

கலப்பை மண்ணை வலப்பக்கமாகப் புரட்டும். வலமாகவே சுற்றினால் நடுவில் தொடங்கியாக வேண்டும், மண்ணெல்லாம் நடுவில் குவியும். அதனால் மறு வருஷம் ஓரத்தில் தொடங்கி இடமாகச் சுற்றி, மண்ணை வெளியே தள்ளிச் சமப்படுத்துவார்கள். ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். இவர் இங்கே வந்த ஐந்து வருஷமும் வலமாகவே சுற்றினார். நடு மேடாகிவிட்டது, ஓரம் பள்ளமாகிவிட்டது. பனி உருகினால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கோதுமை அழுகும். மேட்டில் இருப்பது வெயிலில் கருகும்.

அடுத்த நிலத்துக்காரர் தோலெஃபும் நார்வேக்காரர்தான், ஆனால் கடல் பார்க்காத உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். வேலியோரம் நின்று சீண்டுவதில் அவருக்கு அலாதி சுகம்.

“என்ன ஹார்ட்விக்கு, வயலைக் கவுத்துப்போட்ட படகாட்டம் ஆக்கி வெச்சிருக்க? அடியில தார் பூசிருவமா?”

“முழங்கால் தண்ணிக்கு மேல பார்க்காதவன் படகைப் பத்திப் பேசாத,” என்பார் இவர். அதோடு சரி. மாடு மறுபடி வலப்பக்கம் திரும்பும்.

போன அறுவடையில் விதைக்கு எடுத்து வைத்ததுபோக மிஞ்சியது களஞ்சியத்தின் ஒரே மூலையில் அடங்கிவிட்டது. அன்றைக்குத்தான் அவர் சொன்னார்.

“அடுத்த வருசமும் இப்படின்னா நிலத்தை விட்டுட்டுப் பெரிய ஏரிக்குப் போயிருவோம், ஒலேயா. அங்க மீன் பிடிக்க ஆள் கேக்குறாங்க.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. பிறகு என் தம்பி எடியாஸைக் கொண்டுபோனது. இனி ஒருநாளும் கரையில் நின்று பாய் தெரிகிறதா என்று பார்க்கக் கூடாது என்றுதான் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்தேன். இவர் என்னை மறுபடி கரைக்கே இழுக்கிறார், அதுவும் ஒரு மாட்டைத் திருப்பத் தெரியாமல்.

எடியாஸ் போனது இவர் படகில்தான். லோஃபோத்தன் தீவுகளில் காட் மீன் காலம். காலையில் கடலுக்குப் போகலாம் என்று கொடி ஏறியதும் எல்லாப் படகும் முந்தியடித்துக் கிளம்பும். மத்தியானம் புயல் அடித்தது. கவிழ்ந்த படகின் மேல் தொற்றிக்கொண்டு இவர் மட்டும் பிழைத்து வந்தார். “அவசரத்துல எடியாஸ் படகை இடமாத் திருப்பிட்டான்,” என்றார். ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

இந்த வசந்தத்தில் ஒருநாள் அவர் தோலெஃபின் கொட்டகைக்குக் கூரை போட உதவப் போயிருந்தார். நான் மாடுகளைப் பூட்டினேன். ஓரத்தில் தொடங்கி இடமாகத் திருப்பினேன். மாடுகளுக்கே அது புதுசு, முரண்டு பிடித்தன. மூன்றாவது சுற்றில் அவர் ஓடிவந்து மாடுகளுக்கு முன்னால் நின்றார்.

“நிறுத்து ஒலேயா. கெஞ்சிக் கேக்குறேன்.”

“தள்ளுங்க. மிதிச்சிரும்.”

“இடமாத் திருப்பினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?”

“எடியாஸ் மாதிரி புத்தியில்லாமத் திருப்புறேன், அதானே? இங்க முழுகிச் சாக ஏது தண்ணி? இருக்கிற தண்ணியும் நீங்க தேக்கி வெச்சதுதான்.”

அவர் உழுத மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அவன் திருப்பலை,” என்றார். “சுக்கான் எங்கிட்டதான் இருந்துச்சு. மத்தவன் முந்துறானேன்னு நான்தான் இடமாத் திருப்பினேன். அவன் வேணாம் மச்சான், வேணாம்னு கத்தினான்.”

மேழி என் கையிலிருந்து நழுவியது.

“எங்கம்மா அவனைத் திட்டிக்கிட்டே செத்தாங்க,” என்றேன். “சொன்னாக் கேட்டானா பாவின்னு, கடைசி மூச்சு வரைக்கும். நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?”

“வாய் வரலை.”

“ஒன்பது வருசமாவா?”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படகைக் கவிழ்த்தது புயல். அதை எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் அது கவிழ்ந்திருக்கும். ஆனால் பழியைச் செத்தவன் தலையில் கட்டியது புயல் இல்லையே.

“எழுந்திரிங்க,” என்றேன். “மேழியைப் பிடிங்க. மிச்சத்தை நீங்களே உழுங்க. இடமாத்தான் திருப்பணும்.”

உழுதார். ஒவ்வொரு முனையிலும் கை நடுங்கியது. நான் மாடுகளுக்கு முன்னால் நடந்தேன். நாலு நாளில் வயல் முடிந்தது. ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் காகிதமும் பேனாவும் வைத்தேன். நார்வேயில் எங்கள் ஊர்ப் பாதிரியாருக்கு நடந்ததை அவர் கையால் எழுத வேண்டும், பாதிரியார் அதைக் கோயிலில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினார்.

கோதுமை இந்த வருஷம் ஓரம்வரை நின்றது. தோலெஃபே வாயடைத்துப் போனார். ஏரிக்குப் போகிற பேச்சும் நின்றது. இலையுதிர்கால உழவுக்கு மாடுகளைத் தானாகவே இடப்பக்கம் திருப்பினார், கை நடுங்கவில்லை. கடிதம் மட்டும் “மதிப்புக்குரிய பாதிரியார் அவர்களுக்கு” என்பதோடு நிற்கிறது. அறுப்பு முடியட்டும் என்றார். கதிரடிப்பு முடியட்டும் என்றார். இப்போது பனி விழத் தொடங்கிவிட்டது, மை உறைந்துபோகிறது என்கிறார்.

அங்கே, எங்கள் ஊரில், படகை இடமாகத் திருப்பியவன் இன்னும் என் தம்பிதான்.