சருகு நிறத்தில் ஒரு பர்தா

சென்னைப் பயண ஏற்பாட்டாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஷரீபா பீவி டீச்சர் அதில் உடை பற்றிய பகுதியை மட்டும் மூன்று தடவை படித்தார்.

ஜூன் மாதம் பத்து நாள் பயணம். போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ ஆற்றுக் காடுகள், பிறகு ஜிம்பாப்வேயில் பெரிய அருவி. பன்னிரண்டு பேர் போகிறார்கள், எல்லோரும் பெண்கள். கறுப்பும் கருநீலமும் வேண்டாம் என்று பட்டியல் சொன்னது. அந்தக் காட்டில் ஒருவகைக் கடி ஈ உண்டு. அந்த நிறங்களைத் தேடித்தான் வந்து உட்காருமாம். வெள்ளையும் வேண்டாம், விலங்குகளின் கண்ணில் சட்டென்று படும், புழுதியில் உடனே அழுக்காகியும் போகும். பட்டாளத்து உடுப்பு மாதிரியான திட்டுத் திட்டான துணி கூடவே கூடாது; ஜிம்பாப்வேயில் சாதாரண ஜனங்கள் அதைப் போடுவது சட்டப்படி குற்றம். காட்டுக்குள்ளே போகிற விமானம் மிகச் சின்னது என்பதால் ஆளுக்கு ஒரு துணிப்பைதான், அதுவும் பதினைந்து கிலோவுக்குள்.

மேலப்பாளையத்தில் டீச்சர் வீட்டு அலமாரியில் ஆறு பர்தாக்கள் தொங்கின. ஆறும் கறுப்பு. பெட்டியில், உடம்பு முழுக்கப் போர்த்துகிற பழைய வெள்ளைத் துப்பட்டி ஒன்று இருந்தது.

டீச்சர் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் அறிவியல் நடத்தியவர். அதில் பத்தொன்பது வருஷம், ஜனவரி பிறந்தால் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு குளம் குளமாகப் போய்ப் பறவைகளைக் கணக்கெடுத்தார். ஓய்வு பெற்ற அன்று சாயந்திரம், போர்த்திய சால்வையை மடித்துக்கொண்டே கணவரிடம், "நான் ஆப்பிரிக்கா காட்டைப் பாத்துட்டு வரணும்" என்றார். தாஜ் முகம்மது விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். ஒரு மாதத்தில் மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசியும் போட்டாயிற்று.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஆமிர்தான் முதலில் பார்சல் அனுப்பினான். பிரித்தால் பச்சையும் பழுப்புமாகப் பட்டாளத்துச் சட்டை, அதே துணியில் கால்சட்டை, தொப்பி. டீச்சர் உடனே போன் போட்டார்.

"இதைப் போட்டுட்டு எறங்குனா போலீசுதான் வந்து கூட்டிட்டுப் போவாவ. திருப்பி அனுப்பிரு."

"சரிம்மா, சாதா பேன்ட்டு சட்டை வாங்கி அனுப்புதேன். அங்கன உங்கள யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்லா."

"பிறகு என்னதான் போடப் போறிய?" என்றான் ஆமிர்.

"பர்தாதான். நிறத்தை மட்டும் மாத்தணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாஜ் முகம்மதுவுக்கு இது பிடிக்கவில்லை. போனை வைத்ததும் சொன்னார்:

"இத்தன வருசம் போட்ட கறுப்பையே போட்டுட்டுப் போ. ஈ கடிச்சா மருந்து தடவிக்கிடலாம். வயசான காலத்துல கலர் பர்தாவான்னு ஊருல கேப்பாவ."

"ஈ ஊரையா கடிக்கும்? என்னையத்தான கடிக்கும்."

"கேலி பேசாத ஷரீபா."

"கேலி இல்லங்க. மாறுதது நிறம் மட்டுந்தான். நான் மாறல."

மறுநாள் காலையில் டீச்சர் பேட்டைப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்து வரப்பில் இறங்கி, நன்றாகக் காய்ந்த சருகு ஒன்றைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். டவுனுக்குப் போய்த் துணிக்கடை துணிக்கடையாக அதை மேசைமேல் வைத்து, "இந்த நிறத்துல பருத்தி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

ஒரு கடைக்காரர் காக்கியை எடுத்துப் போட்டார்.

"இது ஆட்டோ ஓட்டுதவங்க போடுதது."

"கிட்டத்தட்ட அந்த நிறந்தான டீச்சர்."

"கிட்டத்தட்ட வேண்டாம், அண்ணாச்சி. சருகு இங்க கெடக்கு, பாருங்க."

நாலாவது கடையில் கிடைத்தது. பழுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. சருகை மேலே வைத்தால் எங்கே சருகு முடிகிறது, எங்கே துணி தொடங்குகிறது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. டீச்சர் அத்துடன் விடவில்லை. துணியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்கினார். விலங்குகளை மிரட்டுகிற சரசரப்பு எதுவும் வரவில்லை. பதினெட்டு மீட்டர் வெட்டச் சொன்னார்.

பள்ளிக்கூடத்துச் சீருடைகளைத் தைத்துக் கொடுத்த எலிசபெத்தான் தைத்தாள். ஜீப்பில் கால் தூக்கி ஏற வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் முட்டிவரை பிளவு, உள்ளே அதே துணியில் கால்சட்டை, காற்றில் பறக்காதபடி தலைத்துணியின் ஓரத்தில் எலாஸ்டிக். முன்னால் நாலு பை வேண்டும் என்றதும் எலிசபெத் ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பர்தாவுல நாலு பையா டீச்சர்?"

"பைனாகுலருக்கு ஒண்ணு, நோட்டுக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு."

"நாலாவது?"

"கை போட்டுக்கிட. ஜூன்ல அங்க குளிர்காலம்."

இரண்டு வாரத்தில் மூன்று ஜோடி தயாரானது. தாஜ் முகம்மது ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடியில் போட்டார். டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல ராஜவல்லிபுரம் குளத்துக்கு வாரியளா?" என்றார். "நீங்க வாதாட வேண்டாம், நானும் வாதாடல. பறவைக சொல்லட்டும்."

ஏப்ரல் மாதம். குளத்தில் தண்ணீர் பாதிதான் இருந்தது. அது போதும் என்று கரையோரச் சேற்றில் புள்ளிமூக்கு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. சட்டென்று மிரளுகிற சாதி அது. டீச்சர் கணவரை ஒரு பனைமரத்துக்குப் பின்னால் உட்கார வைத்தார். அவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். வாத்துகள் இருந்த இடத்துக்கு நேராக ஒரு கருவேல மரத்திலிருந்து டீச்சர் நடக்கத் தொடங்குவது, அவை எழும்பியதும் நின்றுவிடுவது, அங்கிருந்து தண்ணீர்வரை எத்தனை எட்டு என்று தாஜ் முகம்மது நடந்து பார்ப்பது. இதுதான் ஏற்பாடு.

முதலில் டீச்சர் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போனார். எண்பது எட்டுத் தூரம் இருக்கும்போதே மொத்தமும் எழும்பிவிட்டது. வாத்துகள் திரும்பி வந்து அமர முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்துப் போட்ட கறுப்புப் பர்தாவுக்கு அறுபது. மறுபடியும் காத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. தாஜ் முகம்மது, "போதும், வா போவோம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்றாவது நடைக்கு டீச்சர் சருகு நிறத்தைப் போட்டுக்கொண்டார். பைய நடந்தார். கரையில் புல் காய்ந்து அதே நிறத்தில் கிடந்தது. தாஜ் முகம்மது பார்த்துக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில் டீச்சர் நின்றபோது அவருக்கே மனைவி எங்கே நிற்கிறாள் என்று ஒரு நொடி தெரியவில்லை. வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் சேற்றில் மூக்கை விட்டது.

வாத்துகள் கடைசியில் எழும்பியபோது தாஜ் முகம்மது வந்து எட்டுப் போட்டார். இருபத்தாறு. நம்பாமல் இன்னொரு தடவை நடந்தார். அதே இருபத்தாறுதான்.

"உங்க சட்டையையும் மாத்தியிருந்தா இன்னும் ரெண்டு எட்டு போயிருப்பேன்" என்றார் டீச்சர்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தாஜ் முகம்மது வண்டியை ஓட்டிக்கொண்டே, "ஒங்கிட்டப் படிச்ச பிள்ளைக எல்லாம் குடுத்து வச்சவுக" என்றார்.

மே மாதக் கடைசியில் மூட்டை கட்டும் வேலை வந்தது. அது தன் வேலை என்று தாஜ் முகம்மது உட்கார்ந்துவிட்டார். சவூதியில் தபூக் நகரத்தில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டி கட்டி, கயிறு போட்டு, தூக்கிப் பார்த்தே எடை சொல்லக் கூடியவர். மதியச் சாப்பாட்டுக்குள் பை பிதுங்கியது. உள்ளே ஐந்து சேலை, இரண்டு கனத்த கம்பளி, ஊறுகாய், வழிகாட்டிகளுக்குக் கொடுக்க அல்வா. தூக்கிப் பார்த்துவிட்டு, "பதினாலு" என்றார். தராசில் இருபத்து மூன்று காட்டியது.

"தராசு சரியில்ல" என்றார்.

டீச்சர் சேலைகளை எடுத்தார். "வெளியுடுப்ப அங்கயே தொவச்சுத் தாராவளாம். மூணு ஜோடி போதும். உள்ளுடுப்ப நம்மதான் தொவச்சுக்கிடணும், அது சின்னதுதான." அல்வாவில் அரைக் கிலோ மட்டும் தங்கியது. கம்பளிகளையும் எடுத்து வைக்கப் போனபோது தாஜ் முகம்மது கையைப் பிடித்தார்.

"இதுல நான் சொல்லுதத கேளு. பகல்ல வெயிலு அடிக்கும், அத நம்பாத. விடியக்காலம் தெறந்த வண்டியில ஒக்காந்தா பாலைவனத்துக் குளிரு மாதிரி எலும்புக்குள்ள எறங்கும். லாரிக் கண்ணாடிய ஏத்தாம ஒரு நாளு தபூக்குல ஓட்டுனேன், வெரலு மடங்கல."

"கனம் கூடுதே."

"கனத்தது ரெண்டையும் எடு. மெல்லுசு மூணு வை. ஒண்ணுமேல ஒண்ணு போடணும். வெயிலு ஏற ஏற ஒண்ணொண்ணா கழத்திரலாம். காதுக்கு ஒரு குல்லா."

டீச்சர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். தான் படிக்காத பாடம் அது என்று அவருக்குப் புரிந்தது. மெல்லிய பின்னலாடை மூன்றும், குல்லாவும், கையுறையும் வைத்துக் கட்டினார்கள். தராசு பதிமூன்றரையில் நின்றது. தாஜ் முகம்மது பையைத் தட்டிக் கொடுத்தார்.

ரயில் ஏறும் நாளில் டீச்சர் சருகு நிறத்தையே போட்டுக்கொண்டு வந்தார். ஜங்ஷனில் பழைய பக்கத்து வீட்டுக்காரர் தாணுமாலையன் எதிரே வந்தார்.

"என்ன வே தாஜு, டீச்சரு பர்தா புது மாதிரியா இருக்கு?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் தாஜ் முகம்மது முந்திக்கொண்டார்.

"ஆப்பிரிக்கா காட்டுக்குப் போறாவ. அங்கன போடுததுக்குன்னு அவுகளே நிறம் பாத்து, பறவைகிட்ட சோதிச்சுப் பாத்துத் தச்சது. கறுப்புல அறுபது எட்டு, இதுல இருபத்தாறு. நானே அளந்தேன், வே."

தாணுமாலையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார்.

போட்ஸ்வானாவிலிருந்து நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று ஆமிர் சொல்லியிருந்தும், தாஜ் முகம்மது போனைக் கையை விட்டு வைக்கவில்லை. ஐந்தாம் நாள் சாயந்திர அஸர் தொழுகை முடிந்து டீக்கடையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தபோது குரல் பதிவு ஒன்று வந்தது. சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கேன். நீங்க சொன்னது சரி, காலைல பல்லு கிட்டிப்போற குளிரு. கூட வந்தவங்க போர்வைக்குள்ள ஒடுங்கிட்டாவ, நான் மூணும் போட்டு நிமுந்து ஒக்காந்திருந்தேன். எங்க வழிகாட்டி ஒனலென்னான்னு ஒரு பொம்பளப் பிள்ள. இங்க மீன் பிடிக்கித பெரிய ஆந்தை ஒண்ணு உண்டு, கண்ணுல படுதது அபூர்வம். ரெண்டு மாசமா அவளே பாக்கலையாம். நம்ம தாமிரவருணிக் கரையில மீன் ஆந்தை எங்க இருக்கும்? தண்ணிமேல சாஞ்ச மரத்துல, அடர்ந்த எலைக்குள்ள, தண்டோட ஒட்டிக்கிட்டு. அதே மாதிரி எடமாப் பாத்துக்கிட்டே வந்தேன். நேத்து சாயந்திரம் படகுல போகும்போது கண்டுபிடிச்சிட்டேன். வெரலக் காட்டி அவளுக்குச் சொன்னேன். அவ என் கையப் பிடிச்சுக்கிட்டா."

கூட்டாளிகளில் ஒருவர், "அத இன்னொரு தடவ போடும்" என்றார். தாஜ் முகம்மது போட்டார்.

பின்னாலேயே ஒரு படம் வந்தது. அந்த முகாமில் ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார்கள். அரிதான பறவையோ விலங்கோ கண்ணில் பட்டால், முதலில் பார்த்தவர் தன் பெயரை அதில் எழுத வேண்டும். பக்கம் முழுக்க ஆங்கிலம், ஜெர்மன் எழுத்துகள். கடைசி வரியில் நீல மையில், கரும்பலகையில் எழுதிப் பழகிய கையின் உருண்டையான தமிழ்: ஷரீபா பீவி, மேலப்பாளையம், திருநெல்வேலி.

தாஜ் முகம்மது படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொருவரிடமும் நீட்டினார். டீக்கடைக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.