ஆறாவது பெயர்

...ஒரு தோசைக்கல் போதும், காட்டு பங்களாவில் அடுப்பு இருக்கும், விறகுக்கு என்ன பஞ்சம், மலையே விறகுதானே, புளியை மட்டும் இங்கேயே கரைத்துக் காய்ச்சி எடுத்துக்கொண்டால் மூன்று நாளைக்குத் தாங்கும், மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையைத் தம்பி வாங்கி வருவான், வீட்டில் நாலு கம்பளி இருக்கிறது, ஐந்தாவதைத் தம்பி மச்சான் யேசுதாஸ் திண்டுக்கல்லில் இருந்து கொண்டு வருவான், எனக்குப் பழைய சால்வை போதும், இந்த மதுரை வெயிலில் ஐம்பது வருஷம் வெந்தவளுக்குத் தேக்கடிக் குளிர் என்ன செய்துவிடும்... போடி ரயிலில் தேனி வரை, அங்கிருந்து கம்பத்துக்கு பஸ், கூடலூர், அப்புறம் மேலே, மேலே, குமுளி... இந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் ஒரு வாரமாக வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன், சின்னப் பிள்ளை மிட்டாயை ஒதுக்கி வைத்துச் சப்புகிற மாதிரி, யாராவது பார்த்தால் கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். சரி, எழுத உட்காரணும், நாலு மணிக்குத் தபால் எடுக்கிறவன் வந்துவிடுவான், இப்போதே இரண்டரை. தம்பி சாப்பிட்டுவிட்டு உள்ளே கண்ணயரப் போகும்போது காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான், காட்டிலாகா அதிகாரிக்கு இங்கிலீஷில் விண்ணப்பம், "அக்கா, நீயே நல்லா ஒரு காப்பி எழுதிரு, எங் கையெழுத்தப் பாத்தா அவன் யானைய விட்டு மிதிக்கச் சொல்லிருவான்." எழுத்து அப்படித்தான், வாத்தியார் என்று பெயர், பசுமலையில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், எழுதினால் கோழி கிண்டின குப்பை, ஒரு வரி எழுதி இரண்டு வரி அடிப்பான், அவன் எழுதின லெட்டர் எதுவுமே என் கைப்படாமல் இந்த வீட்டுப் படி தாண்டினதில்லை. என்னுடையது மிஷன் துரைசானியம்மாள் நாலு கோட்டு நோட்டில் பழக்கின கை. ஆறாவதோடு நின்றுவிட்ட கை என்றாலும் எழுத்து நிற்கவில்லை.

மாட்சிமை தங்கிய அதிகாரி அவர்களுக்கு, ஆகிவிட்டது, பெரியாறு ஏரியையும் காட்டு மிருகங்களையும் பார்வையிட, ஆகிவிட்டது... மிருகங்கள் தம்பிக்கும் பிள்ளைகளுக்கும், எனக்கு யானை எதற்கு, கோயில் யானையைச் சித்திரை வீதியில் பார்க்காததா, நான் போவது அப்பாவுக்காக. அணை கட்டுகிற வேலைக்கு மலையேறினவர், சுண்ணாம்பு சுமந்தவர், காய்ச்சலில் விழுந்து அங்கேயே புதைத்துவிட்டார்கள், எனக்கு அப்போது அஞ்சு வயது, இன்பசேகரன் அம்மா வயிற்றில். இந்த வைகையில் அந்த அணைத் தண்ணீர் வருகிறபோதெல்லாம் அம்மா ஒரு கை அள்ளிக் கும்பிடுவாள், ஞானஸ்நானம் வாங்கினவள் தண்ணீரைக் கும்பிடலாமா என்று பாஸ்டர் கேட்டதற்கு, தண்ணியக் கும்பிடலங்கய்யா, அதுல எம் புருசன் இருக்காக என்றாளாம். அந்த வேலையில் செத்தவர்களின் கல்லறைகள் அணைப்பக்கம்தான் இருக்கின்றன, ஏரியைத் தாண்டிப் படகில்தான் போகணும் என்று கம்பத்தில் இருந்து வந்த உபதேசியார் சொன்னார், தம்பியும் பக்கத்தில்தான் இருந்தான், "ஆகட்டும்க்கா, பாத்துரலாம்" என்றான். ஒரு வாரமாக இதே நினைப்பு. ஐம்பது வயதில் அப்பாவைப் பார்க்கப் போகிறேன்.

அடுத்தது வருகிறவர்களின் பெயர், வயது, உறவு. இன்பசேகரன், விண்ணப்பதாரர், அதிலும் வயதை ஒரு தரம் அடித்திருக்கிறான். ஆனிமேரி, மனைவி, முப்பத்தெட்டு, அதற்கு முன்னால் நாற்பது என்று எழுதி அடித்திருக்கிறான், அவள் பார்த்துச் சண்டை போட்டிருப்பாள். மகன், மகள். யேசுதாஸ், மனைவியின் சகோதரன், ரயில்வே கிளார்க் என்பதை மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறான், கிளார்க்கா ஹெட் கிளார்க்கா என்று மச்சானுக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாதே... சிரித்துக்கொண்டேதான் அடுத்த வரிக்கு வந்தேன். கிருபை, ஐம்பது, சர்வென்ட்.

திரும்பப் படித்தேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டுப் படித்தேன். கிருபை. ஐம்பது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், துரைசானியம்மாள் தன் வீட்டுத் தோட்டக்காரன் விருமாண்டியை அப்படித்தான் சொல்லுவாள், என் சர்வென்ட் விருமாண்டி... ஒன்றுமே தோன்றவில்லை, அடி விழுந்த இடம் முதலில் வலிக்காதே அப்படி, கையைப் பார்க்கிறேன், பேனா பிடித்த கை, இந்தக் கைதான் லேஸ் பின்னி லேஸ் பின்னி தம்பியைப் படிக்க வைத்தது, அம்மா போனபோது அவனுக்குப் பத்து வயது, எனக்குப் பதினைந்து, உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து ஒரு உபதேசியார் என்னைக் கேட்டு வந்தார், தம்பி படிப்பு முடியட்டும் என்றேன், அவர் எத்தனை நாள் காத்திருப்பார், பாவம், நல்ல மனுஷர், மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிது... இப்போது எதற்கு அவர் மூக்கு? கிருபை, ஐம்பது. ஒருவேளை வேறு கிருபையா? இந்த வீட்டில் வேறு யார் கிருபை? மை பேனா முனையில் திரண்டு சொட்டப் பார்த்தது, ஒற்றுத்தாளை எடுத்து ஒற்றினேன், கை அதன் வேலையைத் தானாகச் செய்கிறது.

கதவு திறந்தது, தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தான், முடிஞ்சுதாக்கா என்றான். இந்த ஆறாவது ஆளு யாருப்பா என்றேன், என் குரல் சாதாரணமாக இருந்தது, அதுவே எனக்குத் திகைப்பாக இருந்தது. "யாரு, நீதான்க்கா. ஒரு பெர்மிட்டுக்கு அஞ்சு பேருதானாம், வேலையாள்னு போட்டா கூட ஒரு ஆளு போகலாமாம். ஒன்னைய விட்டுட்டுப் போக மனசு வரல, அதான். சும்மா பேப்பர்லதான." சிரிக்கிறான், ஏதோ எனக்காகச் சாமர்த்தியம் பண்ணின சிரிப்பு, அதில் பொய் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. படகுல ஏற விடுவாகளா என்றேன். "வேலையாளுகளப் பங்களாவுலதான் இருக்கச் சொல்றாக. நீ எதுக்குக்கா அந்தக் குளுருல, ஒனக்கு ஆகாது, நாங்க பாத்துட்டு வந்து சொல்றோம்." அப்பா என்ற பேச்சே அவன் வாயில் வரவில்லை, மறந்தே போய்விட்டான், பிறப்பதற்கு முன்பே போன அப்பாவை அவன் எங்கே நினைக்க... அவனுக்கு அப்பா நான்தானே, அம்மாவும் நான்தானே. அப்ப யேசுதாச வேலையாளுன்னு போட்டா நா படகுல போகலாம்ல என்று கேட்டேன், கேட்டது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவன் நிஜமாகவே திடுக்கிட்டுப் போனான். "என்னக்கா நீ, மாப்ளைய எப்பிடிக்கா அப்பிடிப் போட முடியும்?"

அவன் முகம் கழுவப் போய்விட்டான். மாப்பிள்ளையை அப்படிப் போட முடியாதுதான், ரயில்வேயில் ஹெட் கிளார்க்கு, மனசு நோகும். சரிதான். பேப்பரில்தானே. ஐந்து பெயர் அழகாக எழுதியாகிவிட்டது, ஆறாவது வரி வெறுமையாக இருக்கிறது, மணி மூன்றேகால், அக்காள் என்று எழுதினால் ஆறு பேர், பெர்மிட்டே வராது, பிள்ளைகள் அழும், எல்லார் பயணமும் என்னால் கெட்டது என்றாகும், எழுதாமல் விட்டால் நான் வீட்டில், அவன் எழுதினபடி எழுதினால் பங்களா அடுப்படியில், எதை எழுதினாலும் அப்பா ஏரிக்கு அந்தப் பக்கம்தான். என்னிடம் சொல்லாமல் மறைத்திருந்தால்கூட ஆறியிருக்கும், தப்பு செய்கிறோம் என்று ஒரு கூச்சமாவது இருந்தது என்று நினைத்துக்கொள்ளலாம், இவன் மறைக்கவே இல்லை, என் கையிலேயே கொடுத்து நல்லா எழுது என்றுவிட்டுத் தூங்கப் போனான்... அவன் எழுதின தாளை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். தேதியில் அடித்தல், முகவரியில் அடித்தல், அவன் வயதில், அவன் பெண்டாட்டி வயதில், மச்சான் உத்தியோகத்தில் மூன்று அடித்தல், தாள் முழுக்க யோசித்து யோசித்துக் கிண்டியிருக்கிறான். என் வரி ஒன்றுதான் சுத்தம். பேனா எங்கேயும் நிற்கவில்லை. ஒரே இழுப்பில் எழுதியிருக்கிறான்.

"மதினி, காப்பிக்குத் தண்ணி வச்சாச்சா?" உள்ளே இருந்து ஆனிமேரி.

"இந்தா வாரேன்." நாற்காலியை நகர்த்தி, சேலையை உதறிக்கொண்டு, அடுப்படிப் பக்கம் இரண்டு எட்டு வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, சொன்னது நான்தான். அதிலும் ஓர் அடித்தல் இல்லை.